குவிமாடத்தை மூடச் சொல்கிறவர்

1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஒரு பெரிய கருவியை ஏற்றினார்கள். தியோடலைட் என்று பெயர். அளவுகள் பொறித்த 3 அடி வட்டத்தின் மேல் ஒரு தொலைநோக்கி பொருத்தியிருக்கும். லண்டனில் வில்லியம் கேரி செய்தது, எடை ஏறக்குறைய அரை டன். 1802-இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பணிக்காக வில்லியம் லாம்டன் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். மற்ற ஊர்களில் குன்றின் மேல் நிறுத்தி அளந்தார்கள். காவிரிப் படுகையில் குன்று ஏது? கண்ணுக்கெட்டிய தூரம் வயல், அதை மறைத்தபடி தென்னையும் பனையும். உயரமாக நிற்பவை கோயில் கோபுரங்கள் மட்டும். அதனால்தான் கருவியைப் பெரிய கோயிலில் ஏற்ற வேண்டியிருந்தது.

கப்பி போட்டு இழுத்தார்கள். சுவரில் இடிக்காமல் விலக்கிப் பிடிக்க இன்னொரு கயிறு கட்டியிருந்தார்கள். பாதியில் அந்தக் கயிறு அறுந்தது. கருவி பெட்டியோடு போய்ச் சுவரில் மோதி, அளவு பொறித்த வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் யாரையும் பார்க்காமல் கூடாரத்துக்குள் போய், ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து ஆறு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அதைப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் அது பல ஆண்டுகள் உழைத்தது.

டெல்டாவில் யாராவது தொலைநோக்கி பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு அந்தக் கயிறுதான் முதலில் நினைவுக்கு வரும். தொலைநோக்கி வழியாக என்ன தெரிந்தது என்று எல்லோரும் கேட்கிறோம். அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார் என்று அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களைப் பற்றியது. வானாய்வகங்களில் அவர்களைத் தொலைநோக்கி ஆபரேட்டர் என்கிறார்கள்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் மலை மேல் இருக்கும் ஒரு வானாய்வகத்தில் நெடுநாளாக இந்த வேலையில் இருக்கிறார். தன் பெயரும் ஆய்வகத்தின் பெயரும் வேண்டாம் என்றார், அதனால் எழுதவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அவர் வீட்டில் ஓர் இரவு தங்கினேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்து வெளியே வந்தால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். “தூக்கம் வரலண்ணே. எனக்கு இது மத்தியானம் மாதிரி” என்றார். வாசலில் நின்ற பைக்கின் சீட்டில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். விரல் போன வழியெல்லாம் தண்ணீர். “இப்ப அங்க இருந்தா மூடியிருப்பேன்” என்றார்.

அவருடைய வேலையின் மையம் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. மூடுவது.

பெரிய தொலைநோக்கியில் இரவு வேலை செய்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் ஆய்வாளர். என்ன பார்க்கப் போகிறேன், எத்தனை இரவு வேண்டும், ஏன் வேண்டும் என்று பல மாதங்களுக்கு முன்பே எழுதி அனுப்புவார். ஒரு குழு அதைப் படித்துவிட்டு அவருக்கு மூன்று இரவோ நான்கு இரவோ ஒதுக்கும். அந்த நாட்களில் மேகம் வந்தால் அவ்வளவுதான், மறுபடி எழுதிப் போட வேண்டும். இன்னொருவர் ஆபரேட்டர். இன்று வந்த ஆய்வாளருக்கும் அடுத்த வாரம் வருகிறவருக்கும் அதே தொலைநோக்கியை இயக்கித் தருகிறவர் அவர்தான். தொலைநோக்கியை மூடி நிற்கும் உருண்டைக் கூரையான குவிமாடத்தைத் திறப்பது, தொலைநோக்கியைத் திருப்புவது, விண்மீனைப் பிடித்து வைத்திருப்பது, காற்றையும் ஈரத்தையும் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எதைப் பார்ப்பது என்பதை ஆய்வாளர் சொல்வார். மூடலாமா வேண்டாமா என்பதில் கடைசி வார்த்தை பெரும்பாலும் ஆபரேட்டருடையது.

ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தால் நியாயம் புரியும். முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் பிள்ளைக்கு இருப்பது மூன்று இரவு. தொலைநோக்கிக்கு இருப்பது ஐம்பது ஆண்டு. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் 1 மீட்டர் ட்ஸைஸ் தொலைநோக்கி 1972-இல் வந்தது. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. மூன்று இரவு உள்ளவர் இன்னும் பத்து நிமிடம், இன்னும் ஒரே ஒரு படம் என்றுதான் கேட்பார். அது அவர் குற்றமில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். அதனால்தான் அந்தப் பத்து நிமிடத்தில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர் கையில் முடிவைக் கொடுத்திருக்கிறார்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. தம்பியின் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஆற்றுத் தலைப்பிலும் வாய்க்கால் தலைப்பிலும் ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியரை இங்கே லஸ்கர் என்போம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிகின்றன. அதற்குக் கீழே வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தலைப்பிலும் கிரீஸ் தடவிய ஒரு திருகுக் கம்பி, அதைச் சுற்ற ஒரு கைப்பிடி. எத்தனை சுற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது லஸ்கரின் கைக்குத் தெரியும்.

ஒரு கார்த்திகை இரவு, பயிர் நட்டு ஒரு மாதம் ஆகியிருந்த நேரம். கிழக்கே இருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து அவர் ஒரு வாய்க்கால் ஷட்டரை இறக்கிவிட்டார். மேலிருந்து வரும் தண்ணீரோடு மழைத் தண்ணீரும் சேர்ந்தால் கரை உடைந்து பயிர் மூழ்கிவிடும் என்ற கணக்கு. மழை வரவில்லை. விடியற்காலையில் கடைமடை ஆட்கள் சைக்கிளில் வந்து வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் ஷட்டரை மறுபடி ஏற்றினார் என்று தம்பி சொன்னார். அப்போது தம்பிக்குப் பத்து வயது. கரையில் நின்று பார்த்திருக்கிறார்.

சரி, ஆபரேட்டரின் இரவு எப்படிப் போகிறது?

பகலிலேயே தொடங்கிவிடுகிறது. கேமராவின் சில்லு சூடாக இருந்தால் வெளிச்சமே இல்லாமலும் தானாகப் புள்ளிகளைப் பதியும். அதனால் பல கருவிகளில் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைப்பார்கள். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, சில்லு மைனஸ் 100 டிகிரி வாக்கில் வேலை செய்யும். மாலையில் குவிமாடத்தின் பிளவைத் திறந்து பகலில் உள்ளே சேர்ந்த வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். உள்ளே வெக்கையும் வெளியே குளிருமாக இருந்தால் பிளவின் வாயில் காற்று நெளியும். கோடையில் தார்ச்சாலை மேல் பார்க்கிறோமே, அதே நெளிவு. அதன் வழியாக எந்த விண்மீனும் புள்ளியாகத் தெரியாது.

சூரியன் மறைந்த கையோடு வெறும் வானத்தைப் படமெடுப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீண் வேலை போலத் தெரியும். ஆனால் கேமராவின் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு கூர்மை உடையவை அல்ல. சீராக வெளிச்சம் இருக்கும் அந்திவானத்தை எடுத்து வைத்துக்கொண்டால் எந்தப் புள்ளி மந்தம், எங்கே தூசி உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு இரவு எடுத்த படத்தை அதனால் வகுத்துச் சரிசெய்துகொள்ளலாம். இந்தப் படத்துக்கான வெளிச்சம் சில நிமிடங்கள்தான் இருக்கும். தம்பி சொன்னதில் எனக்குப் பிடித்தது இது: அந்தச் சில நிமிடங்களில் ஆய்வகத்தில் யாரும் யாரோடும் பேசிக்கொள்ள மாட்டார்களாம்.

சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 டிகிரி இறங்கினால்தான் முழு இருட்டு. நம் ஊர் அட்சரேகையில் அதற்குச் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகும். அதற்குள் வெளிச்சமான, இடம் நன்றாகத் தெரிந்த ஒரு விண்மீனுக்குத் திருப்பி, தொலைநோக்கி சொல்லும் இடமும் உண்மையான இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் ஃபோக்கஸ். இரவு ஏற ஏற இரும்பு குளிர்ந்து சுருங்கும், ஃபோக்கஸ் நகரும். ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிட முடியாது.

அதற்குப் பிறகுதான் பிடித்து வைத்திருக்கும் வேலை. பூமி சுழல்வதால் விண்மீன்கள் விநாடிக்கு 15 வில்விநாடி வரை நகர்கின்றன. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் வில்விநாடி. நல்ல இரவில் காவலூர் போன்ற இடத்தில் ஒரு விண்மீனின் உருவம் ஏறக்குறைய 2 வில்விநாடி அகலம் இருக்கும். அப்படியென்றால் மோட்டாரை நிறுத்தினால் ஒரே விநாடியில் விண்மீன் தன் அகலத்தைப் போல ஏழு மடங்கு தள்ளிப் போய்விடும். முக்கால் மணி நேரம் ஒரு மங்கலான விண்மீனின் ஒளியைச் சேர்க்க வேண்டுமானால் முக்கால் மணி நேரமும் அது கருவியின் வாயில் இருக்கும் ஒரு மயிரிழைப் பிளவுக்குள் நிற்க வேண்டும். பழைய தொலைநோக்கிகளில் இதைச் செய்ய ஓர் அழகான வழி வைத்திருந்தார்கள். சுழலும் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிட்டால், பூமி ஒரு பக்கம் சுழலத் தொலைநோக்கி எதிர்ப்பக்கம் அதே வேகத்தில் சுழன்றால் போதும். அச்சு எவ்வளவு சாய வேண்டும் என்பது ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் அது ஏறக்குறைய 12½ டிகிரி. ஊட்டியில் 1970-இல் கட்டிய ரேடியோ தொலைநோக்கிக்கு இன்னும் அருமையான வழி கிடைத்தது. அங்கே அட்சரேகை 11 டிகிரி சொச்சம். அதே சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியைச் சரிவின் மேலேயே கிடத்திவிட்டார்கள். கும்பகோணமும் ஏறக்குறைய அதே அட்சரேகைதான். நமக்குச் சரிவுதான் இல்லை.

மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பல் சக்கரத்தில் சிறு பிசகு இருக்கும், இரும்பு வளையும், காற்று உதைக்கும். பக்கத்தில் ஒரு வழிகாட்டி விண்மீனை வைத்துக்கொண்டு விலகலைத் திருத்திக்கொண்டே இருப்பதை கைடிங் என்கிறார்கள். முன்பு கண்ணை வைத்துக் கையால் பொத்தானை அழுத்திச் செய்தது, இப்போது பெரும்பாலும் கணினி செய்கிறது. கணினி தவறான விண்மீனைப் பிடித்துக்கொண்டால் அதைக் கண்டுபிடிப்பது ஆபரேட்டர்தான்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1977 மார்ச் 10 இரவைச் சொல்லலாம். அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடக்க இருந்தது. காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். யுரேனஸ் மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே ஒளி சில விநாடிகள் மங்கி மறுபடி வந்தது. இப்படிப்பட்ட அளவையில் ஒளி ஒரு சிறு துளை வழியாகத்தான் கருவிக்குள் போகிறது. தொலைநோக்கி கொஞ்சம் நழுவினாலும் ஒளி குறையும், மெல்லிய மேகம் வந்தாலும் குறையும். உண்மையில் ஏதோ மறைத்தாலும் அதே மாதிரிதான் குறையும். வரைபடத்தாளில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தொலைநோக்கி நழுவவில்லை, மேகம் இல்லை என்று அடித்துச் சொல்ல ஆள் இருந்தால்தான் மூன்றாவது முடிவுக்கு வர முடியும். அவர்கள் அதை ஒரு புதிய துணைக்கோள் என்று கருதி எழுதினார்கள். மற்ற இடங்களிலும், அமெரிக்கர்கள் விமானத்தில் பறந்தபடியும் எடுத்த அளவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அவை யுரேனஸின் வளையங்கள் என்று தெளிவானது. சனிக்கு மட்டும்தான் வளையம் என்று அதுவரை பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆபரேட்டர் அறையில் இரண்டு கடிகாரம் இருக்கும். ஒன்று நம் நேரம். இன்னொன்று விண்மீன் நேரம், ஒரு நாளைக்கு 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. ஒவ்வொரு விண்மீனும் நேற்றைவிட இன்று ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக உதிப்பது இதனால்தான். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். எந்த நட்சத்திரம் எந்த மாதத்தில் எந்த நாழிகையில் உச்சிக்கு வரும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் வாய்ப்பாடாகச் சொல்வது இதே கணக்குதான். இரவு எந்த வரிசையில் எதைப் பார்ப்பது என்பதும் இதை வைத்துத்தான். தாழ்வாக இருக்கும்போது பார்த்தால் காற்று அதிகம் குறுக்கே வரும். அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும் விண்மீனின் ஒளி, தலைக்கு மேல் இருப்பதைவிட இரண்டு மடங்கு காற்றைத் தாண்டி வருகிறது.

இனி அந்தப் பைக் சீட்டுக்கு வருகிறேன். டெல்டாவில் ஏன் ஒரு பெரிய வானாய்வகம் இல்லை என்ற கேள்விக்கும் அதில்தான் விடை.

தெளிந்த இரவில் திறந்தவெளியில் இருக்கும் எந்தப் பொருளும் தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துகூடப் போகும். காற்று 22 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 20 டிகிரி சொச்சத்துக்கு இறங்கினாலே பனி பிடித்துவிடும். இடைவெளி இரண்டு டிகிரிகூட இல்லை. அதே 22 டிகிரியில் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் 11 டிகிரிக்கு இறங்கினால்தான் பனி. கண்ணாடி அவ்வளவு குளிராது, இரவு முழுக்கத் திறந்து வைக்கலாம். நம் தை மாதத்தில் வயலெல்லாம் ஈரம், வாய்க்காலில் தண்ணீர், கிழக்கே கடல். நடுநிசிக்கு மேல் ஈரப்பதம் 90-ஐத் தொடுவது இங்கே சாதாரணம்.

கண்ணாடியில் பனி பிடித்தால் துடைத்தால் போகிறது என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படி நினைத்தவன்தான். கும்பகோணத்தில் மொட்டை மாடியில் ஒரு சிறிய தொலைநோக்கி வைத்திருந்தேன், 80 மில்லிமீட்டர் லென்ஸ். ஒரு மார்கழி இரவு லென்ஸில் பனி மூடியது, தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டேன். பனியோடு கலந்திருந்த மண்துகள் லென்ஸின் மேல்பூச்சில் வட்டவட்டமாகக் கோடு போட்டுவிட்டது. இன்றும் நிலாவைப் பார்த்தால் அந்தக் கோடுகள் ஒளியைச் சிதறடிப்பது தெரியும். பெரிய தொலைநோக்கியில் கண்ணாடிக்கு மேலே ஒரு அலுமினியப் பூச்சு இருக்கிறது, அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதுதான் உண்மையில் தொலைநோக்கி. மிச்சமெல்லாம் அந்தப் பூச்சைத் தாங்கி நிற்கும் கட்டடம். பூச்சு கெட்டால் பல டன் இயந்திரத்தைப் பிரித்து, கண்ணாடியைக் கழற்றி, பழைய பூச்சைக் கரைத்து, வெற்றிடக் கலத்தில் வைத்துப் புதிதாகப் பூச வேண்டும். அதற்காகவே காவலூரில் தனிக் கூடம் இருக்கிறது. ஈரப்பதம் ஒரு அளவைத் தாண்டினால் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மூடச் சொல்வது இதனால்தான்.

ஈரம் மட்டும் இல்லை. நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சில பத்து மீட்டர் உயரத்தில். காற்றின் அடர்ந்த, தூசி நிறைந்த அடுக்கு முழுவதும் நம் தலைக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மிச்ச நாட்களில் கடற்கரை மேகம். இந்தக் கடற்கரை மேகம் ஒருவரின் பல ஆண்டு உழைப்பைக் கெடுத்திருக்கிறது. டெல்டாவுக்குச் சற்று வடக்கே புதுச்சேரியில் 1769 ஜூன் 4 காலை, வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டில் காத்திருந்தார். 1761-இல் நடந்தபோது கடலில் கப்பலில் சிக்கிக்கொண்டு சரியாக அளக்க முடியாமல் போனவர், அடுத்ததற்காக இந்தப் பக்கமே தங்கிவிட்டவர். அந்த ஒரு காலையில் மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது.

அதனால்தான் வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் இடம் தேடி ஜவ்வாது மலைக்குப் போனார். 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, பக்கத்தில் பெரிய நகரம் இல்லை. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. அவர் 1982-இல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986-இல் அவர் பெயரையே வைத்தார்கள். அங்கும் வடகிழக்குப் பருவமழையில் குவிமாடம் மூடியே கிடக்கும், தையிலிருந்து சித்திரை வரைதான் நல்ல காலம். நம் அறுவடைக் காலமும் அதே தையில்தான் தொடங்குகிறது.

டெல்டாவுக்கு ஒரு கொடுப்பினை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வடக்கு, தெற்கு வானம் இரண்டும் ஏறக்குறைய முழுவதும் தெரிகின்றன. கோடியக்கரையில் ஒரு சித்திரை இரவு நின்றால் வடக்கே துருவ விண்மீன் 10 டிகிரி உயரத்தில் இருக்கும். தெற்கே கடலுக்கு மேல் தெற்குச் சிலுவை 20 டிகிரி உயரத்தில் நிற்கும். ஐரோப்பாவில் பிறந்த ஒரு வானியலாளர் இதைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டியிருந்தது.

இந்தத் தெற்கு வானத்தில்தான் நம்மவர் ஒருவர் பெயர் பெற்றார். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வகம் கட்டினார்கள். அதன் கருங்கல் தூண் தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளோடு இன்னும் அங்கே நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்துக்காரர். வடக்கிலிருந்து தெற்கே தலைக்கு மேலாகப் போகும் உச்சிக்கோட்டை விண்மீன்கள் கடக்கும் நேரத்தை இரவுக்கு இரவு அளந்து எழுதுவதுதான் வேலை. அப்படி அளந்துகொண்டே இருந்ததில், ஒரு விண்மீன் ஒரே வெளிச்சத்தில் இல்லை என்பதை 1867-இல் கண்டுபிடித்தார். இன்று ஆர் ரெட்டிகுலி என்று அழைக்கப்படும் அது ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அது 14 டிகிரிக்கு மேல் ஏறாது, தெற்கு அடிவானத்தை ஒட்டியே வந்து போய்விடும். லண்டனில் உள்ள அரச வானியல் கழகம் 1872-இல் அவரை உறுப்பினராக்கியது. 1874-இல் வெள்ளி கடந்தபோது, மக்கள் பயப்படாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்று இந்திய மொழிகளில் சிறு நூல் எழுதினார். இன்றைய சொல்லில் சொன்னால் அவர் ஓர் ஆபரேட்டர். கருவியோடு தினமும் இருந்தவருக்குத்தான் அந்த விண்மீன் அகப்பட்டது. அவரைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் இன்னும் நிறைய இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது வேலை மாறிக்கொண்டிருக்கிறது. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் 4500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. அங்கே மூச்சு வாங்கும், குளிரோ எலும்பைத் துளைக்கும். அதனால் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். அதே ஹான்லேயில் ஆள் இல்லாமல் தானாகவே இயங்கும் சிறிய தொலைநோக்கியும் உண்டு. மழை உணரி, காற்றுமானி, முழு வானத்தையும் பார்க்கும் கேமரா எல்லாம் மூடும் முடிவை எடுக்க உதவுகின்றன.

“அப்ப உங்க வேலை போயிடுமா தம்பி?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மழை உணரி மழை விழுந்த பிறகுதான் சொல்லும் என்றார். அவர் அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து நிற்பாராம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும், அதனால் உள்ளே சிவப்பு விளக்குதான். இரவில் மேகம் மேகமாகத் தெரியாது. விண்மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், அதுதான் மேகம். எந்தப் பக்கம் எந்த விண்மீன் இருக்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் எது காணாமல் போயிருக்கிறது என்று தெரியும். காற்றில் மண் வாசனை வந்தால் மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் கருவியிடம் எதிர்பார்க்க முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். என்றைக்காவது வரலாம். ஆனால் இன்று பெரிய கண்ணாடி உள்ள இடங்களில் ஆளை எடுத்துவிட யாரும் அவசரப்படவில்லை. அது சரி என்றே எனக்கும் படுகிறது.

உடம்புக்குக் கஷ்டமான வேலை என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் அட்சரேகையில் கோடை இரவுக்கும் குளிர்கால இரவுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம், ஆண்டு முழுக்க இரவு நீளம்தான். பகலில் தூங்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போது படுக்கப் போக வேண்டும். பௌர்ணமிக்கு லீவு என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் இல்லை. நிலா வெளிச்சத்தில் மங்கலான விண்மீன் கூட்டங்களைப் பார்க்க முடியாதே தவிர, பிரகாசமான விண்மீன்களின் நிறமாலையை எடுக்க அந்த இரவுகளை ஒதுக்கிவிடுவார்கள்.

விடிந்ததும் காபி வந்தது. தம்பி போனில் ஒரு படத்தைக் காட்டினார். போன ஆண்டு மாசியில் அவர் லாக் புத்தகத்தில் எழுதிய பக்கம். அன்று ஓர் ஆராய்ச்சி மாணவிக்கு மூன்று இரவில் முதல் இரவு. தலைக்கு மேல் சுத்தமான வானம். வடகிழக்கு அடிவானத்தில் இரண்டு விண்மீன் குறைந்ததைப் பார்த்தாராம், ஒருமுறை மின்னியதாம். மூடிவிட்டார். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் மலை விளிம்பு வரை வந்து தெற்கே திரும்பிப் போய்விட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகப் படித்தார். “1.40 மூடியது. வடகிழக்கில் மின்னல். ஈரப்பதம் 88. 3.25 திறந்தது. மழை இல்லை.”

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“எத்தனை பேருடா வந்து திட்டுனாங்க?”

“யாரும் திட்டலப்பா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.